டிஜிட்டல் கூடத்தில் மோனே: திருகோணமலையிலிருந்து பார்க்கப் போகிறவர்களுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சு ஓவியர் மோனே போன்றவர்களின் ஓவியம் சுவர், தரை, சில இடங்களில் தூண் வரைக்கும் ஓடும் கூடங்கள் உலகின் பல நகரங்களில் நடக்கின்றன. திருகோணமலையில் அப்படி நிரந்தரக் கூடம் எதுவும் இல்லை. பாரிஸ், ரொறன்ரோ, மெல்பேர்ண், துபாய் என்று உறவினர் வீட்டுக்குப் போகும்போது பார்க்க நினைப்பவர்களுக்கும், இங்கேயே ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சின்ன அளவில் செய்துபார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும் இந்தப் பதில்கள்.

அங்கே அசல் ஓவியம் இருக்குமா?

இருக்காது. டிக்கெட் வாங்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓவியங்களின் படங்களைக் கணினியில் அசைவூட்டி, இசையுடன் சேர்த்து, பல புரொஜெக்டர்களால் சுவரில் வீழ்த்துகிறார்கள். பாரிஸில் 2018 ஏப்ரலில் திறந்த ஆத்தலியே தே லூமியேர் இந்த வகையில் பெயர்பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் இரும்பு வார்ப்பு ஆலை ஒன்றைச் சுத்தமாக்கி, சுமார் 140 புரொஜெக்டர்கள் பொருத்தியிருக்கிறார்கள். முதல் காட்சி ஓவியர் கிளிம்ற். 2019இல் வான் கோ, 2020இல் மோனே, ரெனுவார் தொடங்கி ஷகால் வரை. காட்சி மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் போகும் மாதத்தில் மோனே ஓடுகிறதா என்று இடத்தின் சொந்த இணையத்தளத்தில் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

மோனேயின் ஓவியப் பாணியான இம்ப்ரெஷனிசம் பற்றிக் கொஞ்சமும் தெரியாமல் போகலாமா?

போகலாம். ஆனால் பத்து நிமிடம் செலவழித்து ஒரு கதையைத் தெரிந்துகொண்டு போனால் கூடத்தில் ஓடும் படங்கள் வெறும் வண்ணமாகக் கடந்துபோகாது.

1874 ஏப்ரல் 15. பாரிஸின் கப்புசீன் பெருவீதி, 35ஆம் இலக்கம். புகைப்படக்காரர் நாடாரின் பழைய கலைக்கூடம். அரசாங்கத்தின் சலோன் கண்காட்சியை நம்பியிருக்க விரும்பாத முப்பது ஓவியர் வரை சேர்ந்து தாங்களே ஒரு கண்காட்சி வைத்தார்கள். மோனே, ரெனுவார், டெகா, பிசாரோ, சிஸ்லி, செசான், பெர்த் மொரிசோ எல்லோரும் அதில் இருந்தார்கள். மோனே வைத்த படங்களில் ஒன்று லு ஆவ்ர் துறைமுகத்தில் சூரியன் எழும் காட்சி. அதன் தலைப்பிலிருந்த ‘இம்ப்ரெஷன்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு லூயி லெறுவா என்ற பத்திரிகையாளர் நையாண்டிக் கட்டுரை எழுதினார். அந்தப் பட்டமே இயக்கத்தின் பெயராக நின்றுவிட்டது. தமிழில் மனப்பதிவுவாதம் என்கிறோம். 1886 வரை இப்படி எட்டுக் கண்காட்சிகள் நடந்தன. எட்டிலும் படம் வைத்தவர் பிசாரோ ஒருவரே.

வான் கோவும் இவர்களில் ஒருவரா?

இல்லை. அந்த எட்டுக் கண்காட்சிகளில் எதிலும் அவர் இல்லை. ஓவியராக அவர் பாரிஸுக்கு வந்ததே 1886இல். இவர்களிடம் நிறத்தைக் கற்றுக்கொண்டு வேறு வழியில் போனவர். விளம்பரங்கள் எல்லோரையும் ஒரே பெயருக்குள் போட்டுவிடுகின்றன.

அசலுக்கும் சுவரில் ஓடுவதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

முதலாவது அளவு. லு ஆவ்ர் சூரியோதயம் 63 சென்ரிமீற்றர் அகலம், 48 சென்ரிமீற்றர் உயரம். விரித்த பத்திரிகைத் தாளைவிடச் சின்னது. கூடத்தில் அதையே பத்து மீற்றருக்கு இழுத்துவிடுவார்கள். தூரிகையை ஒருதரம் இழுத்த ஒரு சென்ரிமீற்றர் கீற்று அங்கே 16 சென்ரிமீற்றர் பட்டையாகிவிடும். அருகில் நின்றால் கீற்று, தள்ளி நின்றால் தண்ணீர் என்ற அந்த மாற்றத்தை ஓவியர் ஒரு கை நீளத்துக்கும் மூன்று நான்கு அடிக்கும் இடையில் அமைத்திருக்கிறார். பத்து மீற்றர் சுவரில் அந்த இடைவெளி கிடையாது.

இரண்டாவது வெளிச்சம். இதுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தப் படத்தின் செம்மஞ்சள் சூரியன் துடிப்பதுபோலத் தெரியும். ஆனால் சூரியனின் வெளிச்ச அளவும் அதைச் சுற்றியுள்ள சாம்பல்நீல வானத்தின் வெளிச்ச அளவும் ஏறத்தாழ ஒன்றுதான். ஹாவர்ட் பல்கலைக்கழக நரம்பியல் ஆய்வாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதை விளக்கியிருக்கிறார். மூளையில் நிறத்தைப் பிரித்தறியும் பகுதிக்குச் சூரியன் தெரிகிறது. வெளிச்ச வேறுபாட்டை வைத்து இடத்தைக் கணிக்கும் பகுதிக்கு அது தெரிவதில்லை. இரண்டும் ஒத்துப்போகாததால் சூரியன் ஓரிடத்தில் நில்லாமல் மிதக்கிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். படத்தைப் போனில் இறக்கி, எடிட் பகுதியில் நிறச்செறிவை (சாச்சுரேஷன்) பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். கறுப்பு வெள்ளையானதும் சூரியன் வானத்தோடு கரைந்து காணாமல் போய்விடும். தண்ணீரில் விழுந்த அதன் சாயல் மங்கலாக மிஞ்சும், படகு கறுப்பாக நிற்கும். பிறகு கூடத்தில் அந்தக் காட்சி வரும்போது கவனியுங்கள். பல தயாரிப்புகளில் சூரியனை விளக்குப்போல ஒளிரவிட்டிருப்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் மோனே சாயத்தால் செய்த வேலையை அங்கே மின்சாரம் செய்துவிடுகிறது.

ஒரு சின்ன யோசனை. மார்கழி, தை மாதத்தில் மழை ஓய்ந்த ஒரு காலை சீனன்குடாப் பக்கம் நின்று, துறைமுகத்துக்கு அப்பால் கிழக்கே பாருங்கள். மூட்டம் இருந்தால் சூரியன் நிறமாக மட்டும் தெரியும், கண்ணைக் கூசாது. கப்பல், மா ஆலை, தூக்கு இயந்திரம் எல்லாம் நிழலாக நிற்கும். லு ஆவ்ரும் இப்படி வேலை நடக்கும் துறைமுகந்தான். மூட்டம் விலகிக் கண் கூசத் தொடங்கினால் உடனே பார்வையைத் திருப்பிவிட வேண்டும்.

பாரிஸில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. டிஜிட்டல் கூடமா, அசலா?

அசல். இதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. ஒராஞ்சரி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். மோனேயின் அல்லிக்குளப் படங்கள் இரண்டு நீள்வட்ட அறைகளில், சுவரோடு சுவராக வளைந்து நிற்கின்றன. எட்டுப் படைப்புகள், உயரம் கிட்டத்தட்ட 2 மீற்றர், எல்லாவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 90 மீற்றர் நீளம். மேலிருந்து பகல் வெளிச்சம் விழும். மேகம் ஓடினால் அறையின் நிறமே மாறும். 1918 நவம்பரில் முதலாம் உலகப் போர் நின்ற மறுநாள் பிரான்சுக்குக் கொடுப்பதாக அவர் எழுதினார். 1926 டிசம்பரில் இறந்தார். அறைகள் 1927இல் திறந்தன. ஓவியத்துக்குள் நின்று பார்ப்பது என்று இன்று எதை விற்கிறார்களோ, அதை ஒரு புரொஜெக்டரும் இல்லாமல் அவர் செய்துமுடித்திருக்கிறார்.

ஒராஞ்சரி செவ்வாயிலும், ஓர்சே அருங்காட்சியகமும் லு ஆவ்ர் சூரியோதயம் இருக்கும் மார்மொத்தான் அருங்காட்சியகமும் திங்களிலும் பூட்டு. அந்தச் சூரியோதயம் சிலவேளை வேறு நாட்டுக் கண்காட்சிக்கு இரவலாகப் போகும். முன்கூட்டியே பாருங்கள்.

இரண்டு நாள் கிடைத்தால் முதல் நாள் அசல், அடுத்த நாள் டிஜிட்டல். மாறிப் போனால் அசல் சின்னதாகவும் மங்கலாகவும் தெரிந்து ஏமாற்றமாகிவிடும்.

பாரிஸின் லா ஷப்பேலில் தங்கியிருக்கிறோம். ஆத்தலியே தே லூமியேருக்கு எப்படிப் போவது?

லா ஷப்பேல் நிலையத்தில் 2ஆம் இலக்க மெற்றோவில் நாசியோன் திசைக்கு ஏறுங்கள். ஏழாவது நிறுத்தம் பேர் லஷேஸ். அங்கே 3ஆம் இலக்கத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் ரூ சென் மோர். மாறப் பிடிக்காவிட்டால் பேர் லஷேஸிலிருந்து நடந்தே போகலாம். கூடம் ரூ சென் மோர் வீதியில் 38ஆம் இலக்கம்.

விசாவுக்கு எப்போது தொடங்க வேண்டும்?

பிரான்சுக்கு ஷெங்கன் விசா. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து, கடைசியாக 15 நாள் முன்வரை விண்ணப்பிக்கலாம். அந்த 15 நாளை நம்பி இருக்காதீர்கள். கைரேகை கொடுக்கக் கொழும்புக்கு நேரில் போக வேண்டும். திருகோணமலையிலிருந்து ஏ6 வீதியால் பஸ்ஸில் ஆறு ஏழு மணிநேரம். காலை நேரத்தில் சந்திப்பு என்றால் முதல் நாளே போய்த் தங்குவது நல்லது. நேரம் குறித்த கண்காட்சி டிக்கெட்டை விசா கையில் கிடைத்த பிறகு வாங்குங்கள். பெரும்பாலான டிக்கெட்டுகளுக்குக் காசு திரும்பாது.

ஒரே பெயரில் நாலைந்து கண்காட்சி இணையத்தில் வருகின்றன. எதை நம்புவது?

மோனே, வான் கோ என்ற பெயர்கள் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. ஓவியங்களும் பொதுச்சொத்து. அதனால் யாரும் செய்யலாம், பெயரும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். 2021இல் அமெரிக்காவில் ஒரே நேரத்தில் பல நிறுவனங்கள் ஒத்த பெயரில் வான் கோ காட்சி நடத்த, ஆட்கள் ஒன்றென்று நினைத்து மற்றதற்கு டிக்கெட் வாங்கினார்கள்.

காசு கட்டும் முன் நான்கு விடயங்களைப் பாருங்கள்: தயாரித்த நிறுவனத்தின் பெயர், வீதி இலக்கத்துடன் இடத்தின் முகவரி, திகதி மாறினால் காசு திரும்புமா என்ற விதி, காட்சி எத்தனை நிமிடம் என்ற விபரம். ‘இடம் பின்னர் அறிவிக்கப்படும்’ என்றிருந்தால் விட்டுவிடுங்கள். 2023இல் வட அமெரிக்காவில் இத்தகைய காட்சிகளை நடத்திய பெரிய நிறுவனமொன்றே கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. பல மாதத்துக்கு முன்பே டிக்கெட் வாங்குவதில் அந்த ஆபத்தும் இருக்கிறது.

உள்ளே எவ்வளவு நேரம் இருக்கலாம்? எங்கே நிற்பது நல்லது?

காட்சி பெரும்பாலும் 35 நிமிடத்திலிருந்து ஒரு மணிநேரத்துக்குள் ஒரு சுற்று. முடிந்ததும் முதலிலிருந்து ஓடும். பல இடங்களில் வெளியே போகச் சொல்லமாட்டார்கள். இரண்டு சுற்றுப் பாருங்கள். முதல் சுற்றை ஒரு மூலையில் முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்து பார்த்தால் இரண்டு நீளச் சுவர்களும் ஒன்றாகத் தெரியும். இரண்டாவதை மாடி இருந்தால் மாடியிலிருந்து. நடுவில் நிற்கத்தான் எல்லோரும் போவார்கள். அங்கே பாதிக் காட்சி முதுகுக்குப் பின்னால் நடக்கும்.

வார நாளில் முதல் நேரம் எடுங்கள். கூட்டம் கூடினால் தரையில் ஓடும் படம் காலடியில் மறைந்துவிடும். சுவருக்குக் கிட்டப் போகிறவர்களின் நிழலும் படத்தில் விழும். சுவரில் நெடுக்காக ஒரு பிரகாசமான அல்லது மங்கலான பட்டை தெரிந்தால் அது ஓவியத்தில் உள்ளதல்ல. இரண்டு புரொஜெக்டரின் படம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரம் அது. ஒன்றின் வெளிச்சம் குறைந்துவிட்டால் அந்த ஓரம் வெளியே தெரிந்துவிடும்.

சேலை கட்டிப் போகிறவர்கள் கவனிக்க: பல கூடங்களில் கதிரை மிகக் குறைவு, தரையில் இருக்க நேரும்.

அம்மாவுக்குத் தலைச்சுற்று உண்டு. கூட்டிப்போகலாமா?

தரையில் படம் ஓடும்போது கண் ‘நகர்கிறாய்’ என்கிறது. உட்காது ‘நிற்கிறாய்’ என்கிறது. இந்த முரண்தான் தலைச்சுற்று. அவரை உட்காரவைத்து, அசையாத ஒன்றை, தூணையோ கதவு விளிம்பையோ பார்க்கச் சொல்லுங்கள். தரையைப் பார்க்க வேண்டாம். வெறும் வயிற்றோடும் வேண்டாம். உள்ளே போகும்போதே வெளியேறும் வழி எங்கே என்று பார்த்துவையுங்கள். இருட்டில் தேட முடியாது. வெளிச்சம் மினுங்கினால் வலிப்பு வரும் நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் போகக்கூடாது.

கண்ணை மறைக்கும் வீ.ஆர். (மெய்நிகர்) கருவி போட்டுப் பார்க்கும் காட்சி வேறா?

வேறு. 2024இல், முதல் கண்காட்சியின் 150ஆம் ஆண்டுக்கு, ஓர்சே அருங்காட்சியகம் அப்படி ஒன்றை நடத்தியது. கருவியை மாட்டிக்கொண்டு 1874ஆம் ஆண்டு இரவில் நாடாரின் கூடத்துக்குள் சுமார் முக்கால் மணிநேரம் நடக்கலாம். படங்கள் அன்று சுவரில் எப்படித் தொங்கின, அறை எப்படி இருந்தது என்பதையெல்லாம் காட்டியது. சுவரில் ஓடவிடும் காட்சிகளைவிட இதற்குப் பின்னால் வரலாற்று வேலை அதிகம் என்பது எங்கள் எண்ணம்.

கருவியில் வரும் சிக்கல்கள் சாதாரணமானவை. அகலமான மூக்குக்கண்ணாடி உள்ளே போகாது. கொண்டை போட்டால், பூ வைத்தால், பின்தலைப் பட்டி சரியாக உட்காராமல் படம் கலங்கும். தாழப் பின்னிக்கொண்டு போங்கள். படம் மங்கினால் சகித்துக்கொண்டு நடக்காமல் உடனே பணியாளரைக் கூப்பிடுங்கள். கருவியை ஒரு சென்ரிமீற்றர் மேலே அல்லது கீழே நகர்த்தினாலே பெரும்பாலும் தெளிந்துவிடும்.

போனில் படம் எடுத்தால் கோடு கோடாக வருகிறதே?

சில வகைப் புரொஜெக்டர்கள் நிறங்களை மிக வேகமாக மாறி மாறி வீழ்த்துகின்றன. போனின் ஷட்டர் அதைவிட வேகமாக மூடினால் கோடு விழும். கைமுறை அமைப்பில் ஷட்டரை 1/50 அல்லது 1/60 வினாடிக்குக் கொண்டுவாருங்கள். திரையில் பிரகாசமான இடத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம். சுவர் வெளிறிப்போகும், பக்கத்தில் இருப்பவருக்கும் தொல்லை.

எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் இதைச் செய்ய முடியுமா?

முடியும். அளவு மீறாமல் செய்தால் நன்றாகவே வரும்.

திரை: பள்ளிச் சுவர்கள் பெரும்பாலும் இளமஞ்சள், கீழே ஒரு கடும் நிறப் பட்டை. மோனேயின் நீலம் அதில் பச்சையாகிவிடும். எட்டுமுழ வெள்ளை வேட்டி இரண்டை, கரை நீக்கி, ஒன்றின்கீழ் ஒன்றாகத் தைத்தால் ஏறத்தாழ 3.6 மீற்றர் அகலமும் இரண்டரை மீற்றர் உயரமும் கிடைக்கும். ஒற்றைத் துணியால் வெளிச்சம் பின்னால் போய்விடும், இரட்டையாகப் போடுங்கள். ஆக ஒரு திரைக்கு நான்கு வேட்டி. கீழ் விளிம்பில் ஒரு மூங்கில் கம்பைச் செருகிவிட்டால் மின்விசிறிக் காற்றுக்கு ஆடாது.

புரொஜெக்டர்: 3,500 லூமன் வெளிச்சம், 1920 × 1080 புள்ளி. 3.6 மீற்றர் அகலப் படத்தில் ஒரு புள்ளி சுமார் 1.9 மில்லிமீற்றர். ஆறரை மீற்றருக்கு அப்பால் இருந்தால் கண்ணுக்குப் புள்ளி தெரியாது. பழைய 1024 புள்ளிக் கருவியென்றால் அதில் பாதி நுணுக்கம்தான். கருவியின் கையேட்டில் எறிவிகிதம் (பட அகலத்தைப்போல எத்தனை மடங்கு தூரம் என்ற அளவு) 1.5 என்றிருந்தால் 3.6ஐ 1.5ஆல் பெருக்குங்கள்: திரையிலிருந்து 5.4 மீற்றர் தள்ளி வைக்க வேண்டும். நேர் நடுவில் வையுங்கள். சரிவாக வைத்துவிட்டுக் கருவியின் திருத்தத்தால் நிமிர்த்தினால் புள்ளிகள் வீணாகும், விளிம்பு குழம்பும்.

மூன்று திரை வைக்க ஆசை வரும். வையுங்கள், ஆனால் மூன்றையும் ஒட்டி ஒரே படமாக்க முயலாதீர்கள். இரண்டு கருவியின் வெள்ளை ஒருபோதும் ஒன்றாக இராது. திரைகளுக்கிடையில் அரை மீற்றர் இருட்டு விட்டு, மூன்றிலும் வெவ்வேறு படம் போடுங்கள். மூன்று கருவியையும் ‘சினிமா’ நிலையில் வையுங்கள். அதிபிரகாச நிலையில் வெள்ளை பச்சை சாயும்.

நேரம்: பின்னேரம் 7 மணிக்கு முன் வேண்டாம். காற்றுத்துளைச் சுவர்களால் அந்திவெளிச்சம் வந்துகொண்டே இருக்கும். அதைக் கறுப்புத் துணியால் முழுக்க மூடினால் வைகாசி, ஆனி வெக்கையில் பிள்ளைகளும் தாங்கமாட்டார்கள், கருவியும் தாங்காது. ஒரு முறைக்கு முப்பது பேர் போதும்.

நடுவில் கருவி தானாக நின்றுவிட்டால்?

அநேகமாகத் தூசி. காற்று உள்ளே போகும் வடிதட்டு அடைபட்டால் உள்வெப்பம் ஏறிக் கருவி தன்னை நிறுத்திக்கொள்ளும். கடற்கரை ஊரில் உப்பு ஈரத்தோடு தூசி அப்பி இறுகிவிடுகிறது. முதல் நாளே தட்டைக் கழற்றி மெல்லிய தூரிகையால் துடையுங்கள். மின்வெட்டில் நின்றால், விளக்கு வகைக் கருவியை உடனே மறுபடி போடாதீர்கள், பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். சூட்டோடு போட்டால் விளக்கு வெடிக்கலாம். ஒவ்வொரு கருவிக்கும் சின்ன யூ.பி.எஸ். ஒன்று இருந்தால் ஒழுங்காக அணைக்க நேரம் கிடைக்கும். மடிக்கணினியில் திரைக்காப்பையும் தானாக உறங்கும் அமைப்பையும் நிறுத்திவையுங்கள்.

படங்களை எங்கே எடுப்பது? உரிமைப் பிரச்சினை வராதா?

இலங்கைச் சட்டத்தில் பதிப்புரிமை படைத்தவர் இறந்து 70 ஆண்டுவரை. மோனே இறந்து அதைவிட நெடுங்காலமாகிவிட்டது. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகம் 2017 முதல் தன் பொதுச்சொத்துப் படங்களை இலவசமாகத் தருகிறது. சிக்காகோ கலை நிறுவனமும் தருகிறது. அங்கே இம்ப்ரெஷனிச ஓவியர் கைபொத்தின் ‘பாரிஸ் வீதி, மழை நாள்’ இருக்கிறது. 1877இல் வரைந்தது, அசலே 2.76 மீற்றர் அகலம். உங்கள் வேட்டித் திரையில் ஏறத்தாழ உண்மையான அளவிலேயே விழுத்தலாம், ஆட்கள் பிள்ளைகளின் உயரத்துக்கு வருவார்கள். தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான படம் இல்லை.

இசையில் மட்டும் கவனம். பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுசி 1918இல் இறந்துவிட்டார், அவர் எழுதிய இசைக்கு உரிமை இல்லை. ஆனால் அதை யாரோ வாசித்துப் பதிந்த ஒலிப்பதிவுக்கு உரிமை இருக்கலாம். பள்ளிப் பிள்ளை ஒருவர் கீபோர்டில் வாசித்தால் அந்தக் கேள்வியே இல்லை.

பிள்ளைகளுக்கு அசலின் அளவை எப்படிப் புரியவைப்பது?

லு ஆவ்ர் சூரியோதயத்தை ஏ2 தாளில் அச்சடியுங்கள். 59.4 × 42 சென்ரிமீற்றர், அசலைவிடக் கொஞ்சம்தான் சின்னது. அகலத்தில் 3,000 புள்ளிக்குக் குறையாத கோப்பைக் கொடுங்கள், மினுக்கம் இல்லாத தாள் கேளுங்கள். காட்சி முடிந்து மண்டப விளக்கைப் போட்டதும் அந்தத் தாளை வாசலில், பிள்ளைகளின் கண்மட்டத்தில் மாட்டிவையுங்கள். ஒவ்வொருவராக ஒரு கை தூரத்தில் நின்று சூரியனுக்குக் கீழே தண்ணீரில் இருக்கும் செம்மஞ்சள் கீற்றுகளை எண்ணிவிட்டு வெளியே போகட்டும்.